வரையத் தெரிந்தால் போதுமா?

வணக்கம் நேயர்களே. முதலில் ஒரு அறிவிப்பு. இந்த உரையில், காலமாகிவிட்ட சில ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் பெயர்கள் வரும். இங்கே ஆஸ்திரேலியாவில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார்கள். பல பழங்குடிச் சமூகங்களில் ஒருவர் இறந்ததும் கொஞ்ச காலத்துக்கு அவர் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். அந்தச் சமூகத்தவர் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்காக இந்த அறிவிப்பு.

சரி, விஷயத்துக்கு வருவோம். பழங்குடி ஓவியம் என்றதும் பலருக்கும் புள்ளிகள்தான் ஞாபகம் வரும். விமான நிலையக் கடையில் டீ-சர்ட், சாவிக்கொத்து, கோப்பை என்று எல்லாவற்றிலும் புள்ளி. அது மத்திய பாலைவனத்துக்காரர்களின் பாணி. சடங்குக்காக மண்ணிலும் உடம்பிலும் வரைந்து வந்ததை அவர்கள் பலகையில் வரையத் தொடங்கியது 1971 வாக்கில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே பப்புன்யா என்ற இடத்தில். வடக்கே ஆர்னெம் லாண்டுக்குப் போனால் எல்லாமே வேறு. அங்கே யூக்கலிப்டஸ் மரப்பட்டையை உரித்து, நெருப்பில் வாட்டித் தட்டையாக்கி, அதன் மேல் காவியும் வெள்ளைக் களிமண்ணும் கரியும் கொண்டு மெல்லிய குறுக்குக் கோடுகளாக இழைப்பார்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். அது இருக்கட்டும்.

நான் எங்கே பேசப் போனாலும் சொல்கிற ஒன்றை இங்கேயும் சொல்கிறேன். அங்கே வரையத் தெரிந்தால் மட்டும் போதாது, வரைய உரிமை இருக்க வேண்டும். இன்ன குலத்தார் இன்ன நிலத்தின் கதையைத்தான் வரையலாம். பக்கத்துக் குலத்தின் கதையை எவ்வளவு அழகாக வரைந்தாலும் அது அத்துமீறல்தான்.

இதற்கு ஒரு கதை உண்டு. 1966இல் ஆஸ்திரேலியா பவுண்டை விட்டு டாலருக்கு மாறியது. புதிய ஒரு டாலர் நோட்டின் பின்பக்கத்தில் ஒரு மரப்பட்டை ஓவியத்தைப் போட்டார்கள். குர்மிரிங்கு என்ற ஆதி வேட்டைக்காரன் பாம்பு கடித்து இறந்துபோகிறான். அவனுக்கு நடந்த ஈமச்சடங்குதான் அந்தப் படம். யார் வரைந்தது? எப்போதோ செத்துப்போன, பெயர் தெரியாத ஒருவர் என்று அதிகாரிகள் நினைத்துக்கொண்டார்கள். விசாரிக்கவே இல்லை. கவனியுங்கள், ஒரு நாட்டின் பணம், அதில் போடுகிற படத்துக்குச் சொந்தக்காரர் இருப்பார் என்று யாருக்குமே தோன்றவில்லை! வரைந்த டேவிட் மலாங்கியோ ஆர்னெம் லாண்டில் உயிரோடு, நல்லபடியாக இருந்தார். அங்கிருந்த பள்ளி ஆசிரியர் ஒருவர்தான் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு விஷயத்தை வெளியே கொண்டுவந்தார். ரிசர்வ் வங்கியின் ஆளுநர் கூம்ப்ஸ் தலையிட்ட பிறகு, மலாங்கிக்கு 1,000 டாலரும், மீன்பிடிக்கும் சாமான்கள் கொண்ட ஒரு பெட்டியும், ஒரு வெள்ளிப் பதக்கமும் கொடுத்தார்கள். ஆமாம், தூண்டில் பெட்டிதான். அது அவருக்குப் பிரயோஜனப்பட்டிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாட்டின் நோட்டில் போட்ட படத்துக்கு அதுதான் விலையா? 'டாலர் டேவ்' என்ற பட்டப்பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. 1984இல் அந்த நோட்டே போய் நாணயம் வந்தது. மலாங்கி 1999இல் காலமானார். பழங்குடி ஓவியருக்கும் பதிப்புரிமை உண்டு என்ற பேச்சு இந்த நோட்டிலிருந்துதான் சூடுபிடித்தது.

நோட்டு வருவதற்கு மூன்று வருஷம் முன்னால், 1963இல், அதே ஆர்னெம் லாண்டில் யிர்கலா என்ற ஊரில் இன்னொன்று நடந்தது. பாக்சைட் என்ற அலுமினியத் தாதுச் சுரங்கத்துக்காக அரசாங்கம், அங்குள்ள யொல்ங்கு என்ற பழங்குடியினரின் நிலத்தில் ஒரு பகுதியை, அவர்களைக் கேட்காமலேயே பிரித்துக் கொடுத்தது. யொல்ங்கு மக்கள் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்த தாளை மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் குல ஓவியங்களை வரைந்து அனுப்பினார்கள். நம்மூரில் நிலத் தகராறு வந்தால் பெட்டியிலிருந்து பட்டாவை எடுத்து வைப்போமே, அந்த ஓரத்து ஓவியம் அவர்களுக்கு அதுதான். நாடாளுமன்றம் ஒரு குழு போட்டு விசாரித்தது, சுரங்கமும் வந்தது. வழக்குப் போட்டார்கள், 1971இல் தோற்றார்கள். ஆனால் அந்தத் தோல்வி கிளப்பிய கேள்விகளிலிருந்துதான் 1976இல், ஆர்னெம் லாண்ட் இருக்கிற ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்துக்கு நில உரிமைச் சட்டம் வந்தது.

அப்புறம் கம்பள வழக்கு. பழங்குடிக் கலைஞர்களின் ஓவியங்களை அனுமதியில்லாமல் கம்பளங்களில் நெய்து விற்றார்கள், நெய்தது வியட்நாமில். புனிதமான படத்தைத் தரையில் போட்டு மிதிப்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இதை எப்படி விட்டாய் என்று வரைந்தவரையே குலத்தார் கேட்பார்கள். 1994இல் நஷ்டஈடு விதித்த நீதிமன்றம், பணநஷ்டத்தோடு இந்தப் பண்பாட்டுப் பாதிப்பையும் கணக்கில் எடுத்தது. எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இது.

இசையைப் பற்றிப் பாதி நேரம் பேசுவதாக இருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். இரண்டே விஷயம்.

பாட்டுக்கும் இதே சட்டம்தான். நிலம் எந்தக் குலத்துடையதோ, அதன் ஓவியமும் பாட்டும் அந்தக் குலத்துக்கே. 2017இல் காலமான குருமுல் யுனுபிங்கு, பிறவியிலேயே பார்வையில்லாதவர், யொல்ங்கு மொழிகளில் பாடியே உலகமெங்கும் கேட்கப்பட்டார். அவர் பெயரைச் சொல்ல அவருடைய குடும்பத்தார் அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்று டிட்ஜெரிடூ, அந்த நீளமான ஊதுகுழல். கரையான் உள்ளே அரித்துக் குடைந்த மரத்தில் செய்வது. வடக்கத்திய வாத்தியம் அது. பாலைவனத்தில் பாட்டுக்குத் தாளம் கட்டையிலும் பூமராங்கிலும்தான். கடைக்காரரோ வடக்கத்திய குழலின் மேல் பாலைவனத்துப் புள்ளியை வைத்து விற்கிறார். சில சமயம் அது இந்தோனேசியாவில் செய்ததாகவும் இருக்கும். அப்படி விற்ற ஒரு நிறுவனத்துக்கு 2019இல் 23 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. அதனால் நீங்கள் ஒன்று வாங்கினால், செய்தவர் யார், எந்த ஊர்க்காரர் என்று கேளுங்கள். உண்மையான சரக்கு என்றால் செய்தவரின் பெயரையும் ஊரையும் கடைக்காரர் எழுதியே கொடுப்பார். நேரம் முடிந்துவிட்டது, வணக்கம்.