ஃபைபர் படகுக்கும் மறுநடவுக் கணக்கு வேண்டும்

வணக்கம் நேயர்களே. நான் ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து வந்திருக்கிறேன். பெர்ணம் ஆற்றங்கரை ஊர். ஆற்றுக்கு இந்தப் பக்கம் பேராக் மாநிலம், அந்தப் பக்கம் சிலாங்கூர். ஊரைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள், ஆற்றோரம் மீன்பிடிப் படகுகள். நான் பிறந்தது தோட்டத்து லயத்தில், பிழைத்தது படகுப் பட்டறையில். 31 வருடம் ஃபைபர் படகு செய்திருக்கிறேன், ஓட்டை அடைத்திருக்கிறேன். இன்றைக்கு நான் பேசப் போவது புதுப் படகைப் பற்றி அல்ல. செத்துப்போன படகைப் பற்றி.

ஆற்றோர ஊர்களில் இருப்பவர்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஆற்றோர நீப்பா பனைப் புதருக்குள் ஒரு படகு கவிழ்ந்து கிடக்கும். கம்பத்து வீட்டுக்குப் பின்னால் இன்னொன்று, உள்ளே லாலான் புல் முளைத்திருக்கும். இன்ஜினைக் கழற்றி விற்றிருப்பார்கள், அதற்கு விலை உண்டு. வெறும் படகு ஓட்டுக்கு விலை இல்லை. பழைய இரும்பு வாங்குபவர் லோரியை நிறுத்தி ஒரு பார்வை பார்ப்பார். ஃபைபர் என்று தெரிந்ததும் போய்விடுவார்.

ஏன் அப்படி? தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். ரப்பர் பாலைத் தட்டில் ஊற்றித் திராவகம் விட்டால் உறைகிறது அல்லவா? உறைந்த கட்டியை மறுபடி பாலாக்க முடியாது. படகும் அப்படித்தான். கண்ணாடி இழையைப் பாய் மாதிரி செய்து விற்கிறார்கள். அச்சுக்குள் அதை விரித்து, மேலே ரெசின் என்ற திரவப் பிசினைப் பூசுவோம். ஒரு கிலோ ரெசினுக்கு ஒரு மேசைக்கரண்டி அளவு ஹார்டனர் போதும், சூடேறிக் கல்லாக இறுகிவிடும். பிளாஸ்டிக் வாளியை உருக்கி வேறு வாளி செய்யலாம். இறுகிய ரெசின் உருகாது. சூடு ஏற ஏற கருகும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் கண்ணாடி கருகவும் செய்யாது. கண்ணாடி எரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இதை நினைவில் வைக்காமல் போன கதையைச் சொல்கிறேன்.

எங்கள் சித்தப்பா செம்பனை ஆலையில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஊடாங் காலா என்ற பெரிய ஆற்று இறால் பிடிக்க ஆற்றுக்குப் போவார். 16 அடிப் படகு, பச்சை நிறம். அவர் காலமான பிறகு படகை லயத்துக்குப் பின்னால் தென்னை மரத்தடியில் இழுத்துப் போட்டோம். நான்கு வருடம் கிடந்தது. நம் ஊர் மழையைச் சொல்ல வேண்டுமா? தொட்டி மாதிரி தண்ணீர் நிற்கும். கொசு ஒழிப்புக்கு வந்தவர்கள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள், உள்ளே புழு நெளிகிறது. சித்திக்கு 500 வெள்ளி அபராதம். அவர்கள் செய்தது சரிதான். அந்த லயத்தில் அதற்கு முன் இரண்டு பேர் டெங்கியில் படுத்திருந்தார்கள்.

சித்தி என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீ படகு செய்யிற ஆளு. இதை எப்படியாவது ஒழிச்சுக் குடுப்பா" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நண்பர்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, ஒரு மாலை டீசல் ஊற்றிக் கொளுத்தினேன். அந்தப் புகையை இன்றும் மறக்க முடியவில்லை. தார் மாதிரிக் கறுப்பு. மேலே போகாமல் லயத்துப் பக்கமே படுத்து வந்தது. பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருமினார்கள். திறந்த வெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம், அதுவும் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

காலையில் போய்ப் பார்த்தால், படகின் முன்பாதி அப்படியே நிற்கிறது. பின்பாதியில் ரெசின் மட்டும் எரிந்து போயிருக்கிறது. கண்ணாடிப் பாய் எரியவில்லை. நரைத்த முடி மாதிரி அடுக்கடுக்காகக் கிடக்கிறது, தொட்டால் பொடியாக உதிர்கிறது. வெயில் ஏறியதும் காற்று வந்தது. சித்தியின் வெண்டைப் பாத்தி, துணிக் கொடி, பக்கத்து வீட்டு வாசல், எங்கும் அந்தத் தூள். பக்கத்து வீட்டில் எட்டு மாதக் குழந்தை. அதன் துணி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அன்று இரவெல்லாம் அந்தக் குழந்தை அழுதது. உடம்பு முழுக்கச் சிவந்து போயிருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஊசி, எப்படி எடுப்பது? அந்தத் தாய் செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றைக்குப் பிடித்ததுதான் இந்த எண்ணம்.

சிலர் சொல்வார்கள், எரிக்க வேண்டாம், ஆற்றில் தள்ளிவிடலாம், மீனுக்கு வீடாகும் என்று. வேண்டாம் ஐயா. ஃபைபர் ஓடு இலேசானது, வெள்ளம் வந்தால் உருளும், உரசும், துணுக்காகும். இங்கிலாந்தில் சிச்செஸ்டர் துறைமுகத்தில் படகுகள் நிறைய. அங்கே சிப்பிகளை ஆராய்ந்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு கிலோ சிப்பி இறைச்சியில் 11,220 கண்ணாடி இழைத் துணுக்குகள் வரை இருந்தனவாம். நம் கரையோரச் சேற்றில் என்ன விளைகிறது? கெராங் என்ற சிப்பி. நாம் சம்பல் போட்டுச் சாப்பிடுகிற கெராங். அதுவும் தண்ணீரை வடிகட்டித்தான் உயிர் வாழ்கிறது.

இப்போது தோட்டத்துக்கு வாருங்கள். செம்பனை நடும்போதே மேனேஜருக்குக் கணக்குத் தெரியும். 25 வருடம் போல ஆனால் மறுநடவு, பழைய மரத்தைச் சாய்த்துப் புதுக் கன்று நடுவது. அதற்குக் காசு ஒதுக்குவார்கள், யார் சாய்ப்பது, எங்கே போடுவது எல்லாம் முடிவாகியிருக்கும். ஒரு காலத்தில் சாய்த்த மரத்தைக் கொளுத்தினார்கள். இப்போது கனவாகனம் வைத்துச் சீவி வரிசையிலேயே போட்டு உரமாக்குகிறார்கள். பால்மரம், அதாவது ரப்பர் மரம் என்றால் நாற்காலி மேசையாகிறது. நட்ட அன்றே வெட்டும் நாளுக்கும் கணக்கு இருக்கிறது. 30, 40 வருடம் உழைக்கிற படகுக்கு அந்தக் கணக்கை யார் போட்டார்கள்? நானும் போடவில்லை. என் கையால் செய்த படகுகள் எங்கெங்கே கிடக்கின்றனவோ.

முடியாத காரியம் இல்லை. ஜப்பானில் 2005இலிருந்து பழைய ஃபைபர் படகுகளைச் சேகரித்து, நொறுக்கி, சிமெண்ட் சூளைக்கு அனுப்புகிறார்கள். சூளைக்குள் 1,450 பாகை வரை சூடு. அங்கே ரெசின் எரிபொருளாகிறது. கண்ணாடி எரியாது என்றேன் அல்லவா? அது உருகிச் சிமெண்டோடு சேர்ந்துவிடுகிறது. கண்ணாடியில் இருக்கும் மணலும் சுண்ணாம்பும் அலுமினாவும் சிமெண்டுக்கும் வேண்டியவைதான். பிரான்சில் 2019இலிருந்து ஓர் ஏற்பாடு நடக்கிறது. படகை உடைக்கும் செலவு படகு செய்பவர்கள் பொறுப்பு. உரிமையாளர் உடைக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். எனக்குப் பிடித்தது இதுதான், படகு செய்தவனாக இருந்தும் சொல்கிறேன். நம் பேராக்கிலும் ஈப்போ பக்கம் சிமெண்ட் ஆலைகள் இருக்கின்றன, எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பாதை. கேஸ் தோங்குக்கு, அதாவது சமையல் கேஸ் உருளைக்கு முன்பணம் கட்டுகிறோம், காலி தோங்கைக் கொடுத்துத்தான் புதுசு வாங்குகிறோம். படகுக்கும் அப்படி ஒரு முன்பணம் வைத்தால்...

சரி, ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி விரலைக் காட்டுகிறார், ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். மீனவர் சங்கங்கள் என்ன செய்யலாம் என்று எழுதி வந்தேன், அதை விட்டுவிடுகிறேன். வீட்டில் பழைய படகு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். முதலில் எண்ணெயையும் பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். தண்ணீர் நிற்காமல் கவிழ்த்துப் போடுங்கள். எங்கே கொண்டுபோவது என்று நகராண்மையிடம் கேட்டுவிட்டு அப்புறம் வெட்டுங்கள். வெட்டும்போது தண்ணீர் அடித்துக்கொண்டே வெட்டுங்கள், தூள் பறக்காது. முழுக்கைச் சட்டை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, நல்ல முகக்கவசம். வேலை முடிந்ததும் அந்தத் துணியைத் தனியாக அலசுங்கள். குழந்தைகள் துணியோடு போடவே வேண்டாம். நன்றி, வணக்கம்.