தகடு காணாத சிவப்பு

நடுவர் அவர்களே, வணக்கம். பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களுக்குக் கணினியால் நிறம் ஏற்றுவது வரலாற்றுக்கு உயிர் கொடுக்கிறதா, அதை உருக்குலைக்கிறதா என்பது தலைப்பு. உருக்குலைக்கிறது என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழர், ரஷ்ய பாலே கலைஞர் தமாரா கர்சாவினாவின் நிறமேற்றிய படம் ஒன்றைக் காட்டி, "நேற்று எடுத்தது போல இருக்கிறது பாருங்கள்" என்று பூரித்தார். அது எந்த வேடம் ஐயா? 1910 ஜூன் மாதம் பாரிஸில் அரங்கேறிய 'நெருப்புப் பறவை' என்ற பாலே நடனத்தில் அந்தப் பறவையின் வேடம். உடையை வடிவமைத்தவர் லியோன் பக்ஸ்ட். நிறத்தாலேயே பாரிஸ் நகரத்தை மயக்கிய மனிதர் அவர். நீங்கள் காட்டிய படத்திலோ நெருப்புப் பறவை பழுப்பு நிறத்தில் நிற்கிறது!

ஏன் இப்படி ஆகிறது? அந்தக் காலத்தில் படம் பதியப் பயன்பட்ட கண்ணாடித் தகடுகளில் பெரும்பாலானவை சிவப்பை உணராதவை. சிவப்புத் துணி படத்தில் கறுத்துவிடும், நீலம் வெளுத்துவிடும். எனவே படத்தில் இருக்கும் கரும்பகுதி சிவப்பாகவும் இருக்கலாம், உண்மையிலேயே கறுப்பாகவும் இருக்கலாம். எது என்று கணினிக்கு எப்படித் தெரியும்? தான் பார்த்துப் பழகிய ஆயிரமாயிரம் படங்களை வைத்து ஊகிக்கிறது. ஊகிக்கும்போது பெரும்பாலும் பாதுகாப்பான, மங்கலான நிறத்தில் போய் நிற்கிறது. பக்ஸ்ட் துணிந்து எதை உடைத்தாரோ, அதையே அவர் உடைக்கு மறுபடி உடுத்திவிடுகிறோம். எனக்கு இது தாங்கவில்லை நடுவர் அவர்களே.

"அன்றைக்கே அஞ்சலட்டைகளுக்குக் கையால் வண்ணம் தீட்டினார்களே" என்றும் கேட்டார்கள். தீட்டினார்கள். ஆனால் கன்னத்தில் இருந்த ரோஜா நிறம் தூரிகை வேலை என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இன்றைய படம் நிஜம் போலவே வருகிறது. பத்துக் கை மாறியதும் மூலப்படத்தைத் தேடுவாரில்லை.

அந்தக் காலத்தின் மெய்யான நிறம் வேண்டுமா? பிரான்ஸின் லூமியேர் சகோதரர்கள் உருவாக்கிய, வண்ணத்தையே பதிக்கும் ஆட்டோகுரோம் தகடு 1907லேயே கடைக்கு வந்துவிட்டது. ரஷ்யப் புகைப்படக் கலைஞர் புரோகுதின் கோர்ஸ்கி சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாக மூன்று முறை படமெடுத்து, 1908இல் டால்ஸ்டாயையே வண்ணத்தில் பிடித்தார். அவற்றைப் பாருங்கள், அந்த நிறங்கள் அன்றைய வெளிச்சத்தில் பதிந்தவை.

அப்புறம், நிறம் இல்லாவிட்டால் இளைஞர்கள் திரும்பியே பார்க்க மாட்டார்கள் என்ற வாதம். பக்ஸ்ட் கையால் தீட்டிய உடை ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன. கர்சாவினாவின் கறுப்பு வெள்ளைப் படத்தை அந்த ஓவியத்தோடு அருகருகே வைத்துக் காட்டுங்கள். எந்த இளைஞர் திரும்பிப் பார்க்க மாட்டார் என்று எதிரணி சொல்லட்டும்.