பாதாளத்துல ஒரு பூட்டுக்கடை: இஸ்தான்புல் கோரா கோயில்

[காட்சி: மேடான குறுகலான தெரு, முடிவுல செங்கல் கோயில்]

வணக்கம் மக்களே. இஸ்தான்புல் போனா எல்லாரும் நேரா ஹாகியா சோபியாவுக்குப் போயி அண்ணாந்து பாத்து நாலு செல்ஃபி எடுத்துட்டு வந்துருவாங்க. நாம இன்னைக்கு ஊரோட அந்தக் கோடிக்கு, பழைய கோட்டை மதில் ஓரமா இருக்கற கோரா மடாலயக் கோயிலுக்குப் போறோம். துருக்கிக்காரங்க காரியேன்னு சொல்லுவாங்க. கோரான்னா கிரேக்கத்துல ஊருக்கு வெளியன்னு அர்த்தம், இந்த இடம் ஒரு காலத்துல மதிலுக்கு வெளிய கெடந்துச்சு, 5ஆம் நூற்றாண்டுல இன்னும் தள்ளிப் புது மதில் கட்டுனாங்க, இடம் உள்ள வந்துருச்சு, பேரு மாறல.

[காட்சி: வெளிச்சுவர்]

செங்கல் கொஞ்சம், வெள்ளக் கல்லு கொஞ்சம்னு மாத்தி மாத்தி அடுக்கிருக்காங்க பாருங்க, தூரத்துல இருந்து பாத்தா கோடு போட்ட துணி மாதிரி இருக்கும். நடு மண்டபம் 11, 12ஆம் நூற்றாண்டு வேலை. ஆனா நாம பாக்க வந்தது 1315ல இருந்து 1321க்குள்ள தியோடர் மெட்டோகைட்டஸ்னு, அப்ப இந்த ஊர ஆண்ட கிறிஸ்தவ ராஜாவோட பெரிய மந்திரி ஒருத்தர் சொந்தக் காசுல செஞ்சத. மேற்குப் பக்கம் முன்மண்டபம் எல்லாம் தங்க மொசைக், அதாவது சின்னச் சின்னச் சில்லு பதிச்சுச் செஞ்ச படம், வாசலுக்கு மேல அவரே பூசணிக்கா சைஸ்ல ஒரு தொப்பி போட்டுகிட்டு கோயிலோட மாடலைக் கையில ஏந்தி இயேசு கிட்ட குடுக்கறாரு. மனுஷனுக்கு வெட்கமே இல்ல போங்க.

[காட்சி: தெற்குப் பக்க மண்டபம், மெதுவா உள்ள போகுது கேமரா]

சரி, இந்த நீளமான பக்கவாட்டு மண்டபம்தான் மேட்டர். இங்க மொசைக் இல்ல, முழுக்க ஃப்ரெஸ்கோ. அதாவது சுண்ணாம்புப் பூச்சு ஈரமா இருக்கும்போதே கலர் தீட்டணும், காய காய கலர் சுவரோட சேர்ந்து இறுகிடும், லேட் ஆச்சுன்னா ஒட்டாது. ரெண்டு பக்கச் சுவர்லயும் குழிவா நாலு மாடம் தெரியுதா, அதெல்லாம் கல்லறை. இது செத்தவங்களுக்காகக் கட்டின மண்டபம். அத மனசுல வச்சுகிட்டு இப்ப கடைசிச் சுவரைப் பாருங்க.

[காட்சி: கிழக்கு அரைவட்டச் சுவர், க்ளோஸப்]

இயேசு சிலுவையில செத்தப்புறம், அங்க அடைபட்டுக் கெடக்கற செத்தவங்கள மீட்கறதுக்காகப் பாதாளத்துக்கு எறங்கி வர்றாரு. வெள்ள உடுப்பு, கால ரெண்டயும் அகட்டி நிக்கறாரு. இந்தக் காட்சிய வேற கோயில்கள்ல பாத்தீங்கன்னா பெரும்பாலும் ஆதாமை மட்டும்தான் இழுப்பாரு, ஏவாள் பக்கத்துல கைகூப்பி நின்னுட்டு இருப்பாங்க. இங்க ஒரு கையில ஆதாம், இன்னொரு கையில ஏவாள், ரெண்டு பேரையும் ஒரே இழுப்பு. கையப் பாருங்க, உள்ளங்கைய இல்ல, மணிக்கட்டைப் பிடிச்சிருக்காரு. கிணத்துல விழுந்தவன அப்படித்தான தூக்குவோம்? ஆதாமுக்குக் கால் தரையில நிக்கவே இல்ல, சவப்பெட்டில இருந்து பறந்து வர்றாரு.

இப்ப கீழ. உடைஞ்ச கதவு, சாவி, பூட்டு, தாழ்ப்பாள்னு இரும்புக்கடையக் கவுத்துக் கொட்டின மாதிரி செதறிக் கெடக்கு, நடுவுல கட்டிப்போட்ட சாத்தான். எனக்குப் பிடிச்சது அந்தச் சாவிங்கதான், ஒவ்வொண்ணா உக்காந்து வரைஞ்சிருக்கான் பாவம்.

ஊரு துருக்கிக்காரங்க கைக்குப் போனப்புறம், 16ஆம் நூற்றாண்டுல இந்தக் கோயில் மசூதி ஆச்சு, படங்கள் பூச்சுக்கு அடியில போச்சு. 1940கள்ல அமெரிக்கக் குழு ஒண்ணு சுரண்டிச் சுத்தம் பண்ண ஆரம்பிச்சாங்க, மியூசியமா இருந்துச்சு, 2020ல திரும்ப மசூதின்னு உத்தரவு, 2024ல தொழுகைக்குத் திறந்தாங்க.

மெட்டோகைட்டஸ் என்ன ஆனாருன்னு கேட்டீங்கன்னா, 1328ல ராஜா மாறினாரு, இவரு சொத்து போச்சு, நாடு கடத்திட்டாங்க. அப்புறம் திரும்பி வந்து இதே மடத்துல துறவியா இருந்து 1332ல செத்தாரு. வாசல்ல அந்தத் தொப்பி மட்டும் இன்னும் அதே சைஸ்ல இருக்கு.