ஆப் வந்தால் ஆஷா அக்காவுக்கு வேலை குறையுமா?

அடுத்த கேள்வி. ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நோட்டில் எழுதுவதை விட மொபைலில் ஏற்றுவது சுலபம்தானே, வீடு வீடாகப் போய் சுகாதார வேலை பார்க்கும் ஆஷா பணியாளர்களும் அங்கன்வாடி ஊழியர்களும் ஏன் எதிர்க்கிறார்கள்?"

நல்ல கேள்வி தம்பி. முதலில் ஒன்று. பல ஊர்களில் ஆப் வந்த பிறகும் நோட்டு போகவில்லை. பகலில் வீடு வீடாகப் போய் ரெஜிஸ்டரில் எழுதி, ராத்திரி டவர் கிடைக்கும்போது அதையே மொபைலில் ஏற்ற வேண்டும். ஒரே வேலை இரண்டு தடவை, கூலி ஒரு தடவை கூட ஒழுங்காக இல்லை.

கூலி என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஆஷா திட்டம் 2005-ல் வந்தபோதே, சுமார் 1,000 பேருக்கு ஒருவர் என்று கணக்குப் போட்டு எடுத்தார்களே, அவர்களை அரசு ஊழியர் என்று சொல்லவில்லை, தன்னார்வலர் என்றுதான் சொன்னார்கள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனால் இவ்வளவு, தடுப்பூசிக்கு இவ்வளவு என்று வேலைக்கேற்ற ஊக்கத்தொகை. சரி, அப்படிப்பட்டவர் எந்த நேரத்தில் எந்தத் தெருவில் நிற்கிறார் என்று மேலே இருப்பவர் ஏன் பார்க்க வேண்டும்? ஹரியானாவில் 2021-ல் இதுதான் பிரச்சினை. அரசு கொடுத்த போனில் எம்.டி.எம். 360 ஷீல்டு என்று ஒரு செயலியைப் போடச் சொன்னார்கள், எங்களை வேவு பார்க்கிறீர்களா என்று ஆஷா பெண்கள் போராட்டத்தில் இறங்கினார்கள், பலர் போனையே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கோபம் நூற்றுக்கு நூறு நியாயம் என்பேன்.

அப்புறம் ஓடிபி. அங்கன்வாடியில் போஷன் டிராக்கர் என்ற மத்திய அரசின் செயலி 2021-ல் வந்தது, வீட்டுக்குக் கொடுக்கும் சத்துணவுக்கு இப்போது முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்கச் சொல்கிறது. அதற்கு முன்னால் ஆதாரோடு சேர்த்த நம்பருக்கு வரும் ஓடிபியைப் போட வேண்டும். ஒரு மையத்தில் நானே பார்த்தேன். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வாசலில் நிற்கிறார், அந்த நம்பர் அவர் கணவரிடம், கணவர் திருப்பூரில் கம்பெனியில். மூன்று தடவை அடித்தும் எடுக்கவில்லை. எடுத்தபோது, ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது என்கிறார்களே என்று தயங்குகிறார், அதிலும் தப்பில்லை. அந்தப் பெண்ணைக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தெரிந்த டீச்சர், மாவுப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

அந்தப் போனில் இந்த ஊழியர்களுக்கு உதவுவதாக எதுவும் இருக்கக் கூடாதா? இன்று எந்தக் கர்ப்பிணிக்கு ரத்தப் பரிசோதனை, எந்தக் குழந்தைக்கு ஊசி தவறிவிட்டது, போன மாதம் செய்த வேலைக்கு எவ்வளவு பணம் வரவேண்டும், இதைக் காலையில் திறந்ததும் காட்டினால் யார் வேண்டாம் என்பார்கள்? என் பெரியம்மா கிராம சுகாதார செவிலியர். கர்ப்பிணிகளைப் பதிவு செய்து பிக்மி நம்பர் போடுவது முதல் எல்லாமே கம்ப்யூட்டர்தான். ஆனாலும் ஊருக்குள் கிளம்பும்போது, தேதி வாரியாகப் பெயர் எழுதிய ஒரு சின்ன டைரியைத்தான் பையில் எடுத்து வைக்கிறார்.