நேரத்தை அளக்க மூளைக்கு ஏன் தூரம் தேவைப்படுகிறது?

[காட்சி: மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரைத் தாண்டிச் செல்லும் ஒரு செம்பனைத் தோட்டச் சாலை. முன்னிரவு. சாலையோரம் மூன்று விளக்குகள்.]

வணக்கம். முதல் விளக்குக்கும் இரண்டாவதற்கும் நடுவே ஒரு மர இடைவெளி, அதாவது ஏறக்குறைய 9 மீட்டர். மூன்றாவது விளக்கு அங்கிருந்து நான்கு மரம் தள்ளி நிற்கிறது. மூன்றும் வரிசையாக ஒருமுறை மின்னப் போகின்றன. கண்ணை எடுக்காமல் பாருங்கள்.

[விளக்குகள் மின்னுகின்றன.]

இரண்டாவது விளக்குக்குப் பிறகு சற்று அதிக நேரம் காத்திருந்ததாகப் பலருக்கும் தோன்றும். உண்மையில் இரண்டு காத்திருப்புகளும் ஒரே அளவு. கோஹன், ஹேன்சல், சில்வெஸ்டர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 1953-இல் இதை எழுதி வெளியிட்டார்கள். 'கப்பா விளைவு' என்பது இதன் பெயர்.

[காட்சி: அதே சாலை. தொலைவில் ஒரு மோட்டார் சைக்கிள் விளக்கு மரங்களுக்கிடையே மறைந்தும் தெரிந்தும் வருகிறது.]

ஏன் இப்படி? இந்த மோட்டார் சைக்கிளைப் பாருங்கள். ஒவ்வொரு மரத்தின் பின்னாலும் அதன் வெளிச்சம் மறைகிறது. ஆனாலும் அது ஒரே வண்டி, ஏறத்தாழ ஒரே வேகத்தில் வருகிறது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. அடுத்து எங்கே தெரியும் என்றும் கணித்துவிடுகிறது. சாலையைக் கடக்கும் பிள்ளையின் உயிரைக் காப்பதும் இந்தக் கணிப்புதான். தனித்தனியாக மின்னும் விளக்குகளிலும் மூளை அதே கணக்கைப் போடுகிறது என்பதே பரவலான விளக்கம். தூரம் அதிகமென்றால் நேரமும் அதிகமாகத்தான் இருக்க வேண்டும் என்று அது முடிவு செய்கிறது. இதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல பழக்கம் ஒன்று, தேவையில்லாத இடத்திலும் வேலை செய்கிறது.

எதிர்த்திசையிலும் இது நடப்பதுண்டு. சமமான தூரங்களுக்கு நடுவே நேரத்தைக் குறைத்தால் தூரம் குறைந்ததாகத் தோன்றும். அது 'டௌ விளைவு'. அப்படியானால் இரண்டும் சம பலம் கொண்டவையா? டேனியல் கசசாந்தோவும் லேரா போரோடிட்ஸ்கியும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் சோதித்தார்கள். கணினித் திரையில் ஒரு கோடு வளர்ந்து மறையும். அது எவ்வளவு நேரம் இருந்தது, அல்லது எவ்வளவு நீளம் வளர்ந்தது என்று காட்ட வேண்டும். நீளமான கோடு அதிக நேரம் இருந்ததாகவே மக்கள் காட்டினார்கள். ஆனால் நேரம் கூடியதால் நீளம் கூடியதாக அவர்கள் காட்டவில்லை. இதே போன்ற சோதனையைக் குரங்குகளுக்கு வைத்தபோது இரண்டு பக்கமும் குழப்பம் ஏற்பட்டது. மனிதர்களிடம் மட்டும் தூரத்தின் கை ஓங்கியிருந்தது.

தூரம், நேரம், எண்ணிக்கை மூன்றையும் அளக்கும் பொது ஏற்பாடு ஒன்று மூளையின் பின்மேல் பகுதியில் இருக்கலாம் என்று மூளை ஆய்வாளர் வின்சென்ட் வால்ஷ் 2003-இல் முன்வைத்தார். அந்தக் கருத்து இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

[காட்சி: ஒரு மேசை. ஒருவர் குழந்தையாக, இளைஞராக, முதியவராக இருக்கும் மூன்று படங்கள்.]

இந்தப் படங்களை வரிசைப்படுத்தச் சொன்னால் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இடமிருந்து வலமாக வைப்பார்கள். எழுத்து போகும் வழியிலேயே காலமும் போகிறது. ஆஸ்திரேலியாவின் போர்ம்புராவ் பழங்குடியினர் கிழக்கிலிருந்து மேற்காக அடுக்குகிறார்கள் என்று 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. தெற்கு நோக்கி உட்கார்ந்தால் இடமிருந்து வலம். வடக்கு நோக்கினால் வலமிருந்து இடம். அவர்களுடைய காலம் உடலோடு திரும்புவதில்லை, நிலத்தோடு நிற்கிறது.

இது வெறும் பழக்கமா, அல்லது நினைவின் உள்ளேயும் வேர் விட்டிருக்கிறதா? 2014-இல் வெளியான ஓர் ஆய்வு என்னை மிகவும் பாதித்தது. பக்கவாதத்தால் இடப்பக்கத்தைக் கவனிக்கும் திறனை இழந்தவர்களிடம், ஒருவர் 10 ஆண்டுகளுக்கு முன் எவற்றை விரும்பினார், 10 ஆண்டுகளுக்குப் பின் எவற்றை விரும்புவார் என்று கற்றுக்கொடுத்தார்கள். கடந்த காலத்தோடு சேர்ந்தவற்றை நினைவுகூர்வதே அவர்களுக்குக் கடினமாக இருந்தது. அவர்கள் இடமிருந்து வலமாகப் படிப்பவர்கள். இடப்பக்கம் கைவிட்டுப் போனபோது, அங்கே வைத்திருந்த கடந்த காலமும் மங்கிவிட்டது.

[காட்சி: இடிக்கப்பட்ட லயங்களின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், அடித்தளம். பின்னால் புதிய தாமான் (குடியிருப்பு) வீடுகள்.]

நம் தோட்டப்புறங்களுக்கு இதில் பெரிய சேதி இருக்கிறது. எலியின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் இடத்தை அறியும் செல்களை ஜான் ஓ'கீஃப் 1971-இல் அறிவித்தார். 2014-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். நேரம் நகர நகர ஒன்றன்பின் ஒன்றாக இயங்கும் செல்களையும் ஹாவர்ட் ஐக்கன்பாம் குழுவினர் அதே பகுதியில் கண்டார்கள். வாழ்ந்த நிகழ்ச்சிகளை நினைவில் பதிக்கவும் இந்தப் பகுதி தேவை.

இடமும் நேரமும் நினைவும் இப்படி ஒரே பகுதியில் சேர்வதால், பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய தலைமுறையின் கதையைப் பதிவு செய்யப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. தாத்தாவையும் பாட்டியையும் நாற்காலியில் உட்கார வைத்து 'எந்த ஆண்டு?' என்று கேட்காதீர்கள். நடக்க முடிந்தால், வேலைக்குப் பேர் கொடுக்க ஆட்கள் கூடிய பெரட்டுக் களம் இருந்த இடத்துக்கும், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை இருந்த இடத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். முடியாவிட்டால், பழைய தோட்டத்தின் வரைபடத்தை அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு தாளில் வரையுங்கள். யார் வீடு எங்கே, கோயில் எந்தப் பக்கம், ரப்பர் பாலை எடை போட்டது எங்கே என்று கேளுங்கள். ஆண்டுகளைப் பிறகு நீங்கள் தேடிச் சேர்த்துக்கொள்ளலாம்.