யூகே வார்டுல ஸ்டூடண்ட் நர்ஸை உங்க கூட போட்டா என்ன பண்ணணும்?

எல்லாருக்கும் வணக்கம். லாங் டே முடிச்சுட்டு இப்பதான் வந்தேன், குரல் கொஞ்சம் கம்மியிருக்கு, பொறுத்துக்கோங்க. யூகே வந்து, ஆஸ்கி (இங்க நர்ஸா பதிவு பண்றதுக்கான செய்முறைத் தேர்வு) பாஸ் பண்ணி, பேண்ட் 5-ல (புதுசா பதிவான நர்ஸுக்கான சம்பள நிலை) சேர்ந்த நம்ம ஆளுங்க நிறைய பேர் கேட்கிற விஷயம் இது. "அக்கா, எனக்கே இங்க எல்லாம் புதுசு. காலையில ஹேண்டோவர் முடிஞ்சதும் ஒரு ஸ்டூடண்ட்டை என்கிட்ட விட்டுட்டாங்க. நான் என்னத்த சொல்லிக் கொடுக்கிறது?"

மொதல்ல, சொல்லிக் கொடுக்கிற தகுதி உங்களுக்கு இருக்கு. முன்னாடி இங்க மென்டார்னு இருந்தாங்க, அதுக்குத் தனியா கோர்ஸ் முடிக்கணும். 2018-ல என்எம்சி, அதாவது இங்க நர்ஸுங்களைப் பதிவு பண்ற அமைப்பு, புது விதி கொண்டுவந்து அதை மாத்திட்டாங்க. இப்ப கூட நின்னு வேலை சொல்லிக் கொடுக்கிறவர் பிராக்டிஸ் சூப்பர்வைசர், தேறிட்டாங்களான்னு முடிவு பண்றவர் பிராக்டிஸ் அசெசர், யுனிவர்சிட்டி பக்கம் ஒரு அகடமிக் அசெசர். பதிவு பண்ண எந்த நர்ஸும், அதுக்கான தயாரிப்பு முடிச்சிருந்தா, சூப்பர்வைசரா இருக்கலாம். ஆனா ஒரே ஸ்டூடண்ட்டுக்கு ஒரே நேரத்துல ஒரே ஆள் சூப்பர்வைசராவும் அசெசராவும் இருக்க முடியாது. அதனால பேட்ல (PAD, ஸ்டூடண்ட்டோட மதிப்பீட்டுப் பதிவேடு) நீங்க எழுதுற நாலு வரியை நம்பித்தான் அந்த அசெசர் கையெழுத்துப் போடுறாங்க. இதை மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

அடுத்தது, ஸ்டூடண்ட் இங்க ஆள் கணக்குல வர மாட்டாங்க. சூப்பர்நியூமரரி. நாம ஊர்ல படிச்சப்போ ஸ்டூடண்ட்ஸ் ஒரு நாள் வரலைன்னா வார்டே தள்ளாடும், அந்த ஞாபகத்துலயே இங்கயும் வேலை ஏவிடுவோம். இங்க கோர்ஸ் மொத்தம் 4,600 மணி நேரம், அதுல பாதி, 2,300, பிராக்டிஸ். அதுலயும் 2023-ல இருந்து 600 மணி நேரம் வரைக்கும் சிமுலேஷன்ல போகலாம். அப்ப வார்டுல கிடைக்கிற நேரம் இன்னும் குறையுது. அதை முழுக்க பெட் போடவும் கமோடு தள்ளவும் செலவழிக்க விடாதீங்க. அதுக்காக வாஷ் குடுக்கிறதை, அதாவது பேஷண்ட்டை உடம்பு கழுவி விடுறதை, மட்டமா நினைக்கிற ஸ்டூடண்ட்டையும் விடாதீங்க. படுக்கைப் புண் வருதான்னு, குதிகால் சிவந்திருக்கான்னு பார்க்கக் கிடைக்கிற நேரமே அதுதானே.

சரி, எப்படி சொல்லிக் கொடுக்கிறது? இங்கதான் நமக்கு ஒரு பலம் இருக்குன்னு நான் நினைக்கிறேன். ஆஸ்கில நாம என்ன பண்ணோம்? கையைக் கழுவுறதுல இருந்து ஒவ்வொண்ணையும் வாய்விட்டு சொன்னோம். பாஸ் ஆன மறுநாளே அதை விட்டுடுறோம். விடாதீங்க. இருபது வருஷமா சமைக்கிறவங்ககிட்ட உப்பு எவ்வளவுன்னு கேட்டா "கண் அளவுதான்"னு சொல்லுவாங்க இல்ல, இங்க பழுத்த நர்ஸுங்களும் அப்படித்தான். பிரமாதமா பண்ணுவாங்க, ஏன்னு சொல்ல வராது. நாம இந்த ஊர் முறையைப் பெரியவங்களாகி, காரணம் கேட்டு கேட்டு கத்துக்கிட்டவங்க. அதனால நமக்கு சொல்ல வரும்.

ஒரு உதாரணம். ஸ்டூடண்ட் ஆப்ஸ் (மூச்சு, நாடி, பிரஷர் மாதிரி அளவுகள்) எடுத்துட்டு வராங்க. நாலு பேஷண்ட்டுக்கும் மூச்சு 18. உடனே "எண்ணினியா?"ன்னு கேட்காதீங்க, எண்ணினேன்னுதான் பதில் வரும். "வா, ரெண்டு பேரும் எண்ணுவோம்"னு கூட்டிட்டுப் போங்க. பேஷண்ட்டுக்குத் தெரியாம, முழுசா ஒரு நிமிஷம். உங்களுக்கு 24 வருது, அவங்களுக்கும் 24 வருது. இப்ப நியூஸ் 2 (NEWS2) சார்ட்டைக் காட்டுங்க, பேஷண்ட் மோசமாகுறாரான்னு இந்த அளவுகளுக்கு ஸ்கோர் போடுற சார்ட் அது. 12-ல இருந்து 20 வரைக்கும் பூஜ்யம். 21-ல இருந்து 24 வரைக்கும் ரெண்டு. 25 ஆயிட்டா மூணு, அந்த ஒரு மூணுக்கே அவசரமா ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லணும். 18-னு போட்டிருந்தா இந்த ஆள் நம்ம கண்ணுலயே பட்டிருக்க மாட்டார். இதுக்கு மேல தனியா ஒரு வகுப்பு வேண்டாம்.

இன்னொண்ணு, ஆக்சிஜன் சாச்சுரேஷன், ரத்தத்துல ஆக்சிஜன் எத்தனை சதவீதம்னு. ரெண்டு பேருக்கும் 91. ஒருத்தருக்கு ஸ்கோர் மூணு, பக்கத்து பெட் சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் நோய்) தாத்தாவுக்கு பூஜ்யம். "ஏன்?"னு கேட்டுட்டு சும்மா இருங்க. அவருக்கு அதே சார்ட்ல இருக்கிற தனி அளவுகோல், ஸ்கேல் 2, இலக்கு 88-ல இருந்து 92-ன்னு அவங்களே வந்துட்டா நல்லது. வரலைன்னா நீங்க சொல்லுங்க. கூடவே, சிஓபிடின்னு எழுதியிருக்கிறதாலயே நாமளா ஸ்கேல் 2-க்கு மாத்தக் கூடாது, கார்பன் டை ஆக்ஸைடு தேங்குற ஆள்னு உறுதியாகி, பொறுப்பான டாக்டரோ தகுதியுள்ளவரோ முடிவெடுத்து நோட்ஸ்ல எழுதியிருக்கணும்னும் சொல்லிடுங்க.

டாக்டருக்கு போன் பண்றதையும் அவங்களையே பண்ண விடுங்க. எஸ்பார் (SBAR: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, என்ன வேணும்) முறையில முதல்ல உங்ககிட்ட ஒரு தடவை சொல்லிப் பார்க்கட்டும். கடைசி எழுத்துலதான் எல்லாரும் மழுப்புவாங்க. "வந்து பாருங்க, எத்தனை மணிக்குள்ள வருவீங்க"ன்னு கேட்கிற வரைக்கும் போனை வைக்கக் கூடாது. மருந்து சுத்துல நீங்க பக்கத்துலயே நிக்கணும். ஐவி விஷயத்துல ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு விதி, உங்க பாலிசியைப் பார்த்துக்கோங்க. ஒப்படைச்ச வேலைக்கு ஒப்படைச்சவரும் பொறுப்புன்னு என்எம்சி கோட்லயே இருக்கு.

ஆமா, பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. சிஸ்டர், மேடம் எதுவும் கிடையாது. "ஏன் இப்படி பண்றீங்க?"ன்னு மூஞ்சிக்கு நேரா கேட்பாங்க. திமிர் இல்லை, அப்படித்தான் இங்க பழக்கியிருக்காங்க. தெரியலைன்னா ரெண்டு பேரும் சேர்ந்து பிஎன்எஃப்-ஐ (இங்க பயன்படுத்துற மருந்துக் கையேடு) திறங்க.

இப்ப கஷ்டமான பகுதி. சரியா வராத ஸ்டூடண்ட். கேத்லீன் டஃபின்னு ஒருத்தர் 2003-லயே ஸ்காட்லாந்துல ஆய்வு பண்ணிச் சொன்னாங்க, சந்தேகம் இருந்தும் மென்டார்கள் ஸ்டூடண்ட்டைப் பாஸ் போட்டு அனுப்பிடுறாங்கன்னு. உள்ளூர்க்காரங்களுக்கே அந்தத் தயக்கம். நமக்கு இன்னும் அதிகம், வெளிநாட்டு ஆள் நாம போய் இந்தப் பொண்ணைப் பத்தி எழுதினா பிரச்சனை ஆகிடுமோன்னு. அந்த பயம் நியாயமானதுதான். ஆனா எழுதுற விதத்துல எழுதினா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. "அக்கறை இல்லை"ன்னு எழுதாதீங்க. "காலை மருந்து நேரத்துல ரிஸ்ட்பேண்ட் பார்க்கலை, சொன்ன பிறகு மதியமும் பார்க்கலை"ன்னு எழுதுங்க. அன்னைக்கே எழுதுங்க, எழுதுறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட நேரா சொல்லுங்க, அசெசருக்கும் தெரியப்படுத்துங்க. மிட்பாயிண்ட் இன்டர்வியூக்கு (பிளேஸ்மென்ட் பாதியில நடக்கிற சந்திப்பு) முன்னாடியே வந்துட்டா ஆக்‌ஷன் பிளான் போட்டுத் திருந்த நேரம் இருக்கும். கடைசி வாரத்துல சொல்றது அநியாயம்.

இதுல ஒரு எச்சரிக்கை. மெதுவா எழுதுறாங்க, ஹேண்டோவர்ல பாதி விட்டுடுறாங்கன்னா, டிஸ்லெக்சியா (படிக்க எழுத வர்ற சிரமம்) மாதிரி ஏதாவது இருக்கலாம். 2010 ஈக்வாலிட்டி ஆக்ட் (சம உரிமைச் சட்டம்) படி அதுக்கு வேண்டிய மாற்றங்களை செஞ்சு கொடுத்தாகணும். முதல் நாளே தனியா, "உனக்கு எப்படி சொன்னா வசதி?"ன்னு கேட்டுடுங்க. அதுக்காக பாதுகாப்பு விஷயத்துல அளவுகோல் குறையாது.

கடைசியா ஷிஃப்ட் முடியுறப்போ ஹவர்ஸ் ஷீட்டைத் தூக்கிட்டு ஓடி வருவாங்க, பழைய நாளுக்கும் சேர்த்துப் போட்டுக் கொடுங்கன்னு. நீங்க இல்லாத ஷிஃப்டுக்குப் போடாதீங்க, அன்னைக்கு யார் கூட இருந்தாங்களோ அவங்ககிட்ட அனுப்பிடுங்க. பேட்ல எப்படி எழுதுறதுன்னு அடுத்த வீடியோல ஸ்க்ரீன்ல காட்டுறேன். வரேன்.