கண்ணாடிக் கெளுத்தியின் உண்மையான பெயர் எது?

வணக்கம். இந்தத் தொட்டியில் ஆறு மீன்கள் இருக்கின்றன. முதல் பார்வைக்கு வெறும் தண்ணீராகத்தான் தெரியும், சற்றுப் பொறுத்துப் பாருங்கள். தலைக்குப் பின்னால் வெள்ளிப் பொட்டலம்போல மின்னுகிறதே, அதற்குள்தான் ஈரல், குடல் எல்லாம் அடங்கியிருக்கின்றன. மற்ற உடல் முழுவதும் கண்ணாடியாக இருப்பதால் முதுகெலும்பு வால்வரை தெளிவாகத் தெரிகிறது. கடையில் பையின்மேல் ‘கிரிப்டாப்டெரஸ் பைசிர்ரிஸ்’ என்ற அறிவியல் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பெயர் சரிதானா என்று இன்று பார்க்கலாம்.

‘கிளாஸ் ஃபிஷ்’ என்று கேட்டால் சில கடைகளில் நம் நாட்டு நன்னீரிலேயே வாழும் பாரம்பாசிஸ் மீனை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு மீசை கிடையாது, முதுகுத்துடுப்பு பெரிதாக எழுந்து நிற்கும். இந்த மீனுக்கோ இரண்டு நீண்ட மீசைகள் உண்டு, முதுகுத்துடுப்பு இருக்கும் இடமே தெரியாது, வயிற்றுக்குப் பின்னால் தொடங்கும் குதத்துடுப்பு ஏறத்தாழ வால்வரை ஓடுகிறது. நம் ஆற்று வாளையும் இதே சைலூரிடே குடும்பம்தான்; அதன் நீண்ட குதத்துடுப்பைப் பார்த்தவர்களுக்கு இந்த உறவு உடனே புரியும்.

இனி அந்தப் பெயருக்கு வருவோம். உண்மையான பைசிர்ரிஸ் 15 செ.மீ. வரை வளரக்கூடியது, அதன் உடல் இவ்வளவு தெளிவாகவும் இருக்காது. ஆனாலும் 1930களிலிருந்து வண்ணமீன் வணிகத்தில் இந்தச் சிறிய மீனுக்கு அந்தப் பெயரே வழங்கிவந்தது. 1989இல் மீனியல் ஆய்வாளர் டைசன் ராபர்ட்ஸ் போர்னியோ மீன் ஒன்றுக்கு ‘கிரிப்டாப்டெரஸ் மைனர்’ என்று பெயரிட்டதும், தொட்டி மீனும் அதுவாகத்தான் இருக்கும் என்று பலர் மாற்றிக்கொண்டார்கள். 2013இல் ஹியோக் ஹீ இங், மொரிஸ் கொட்டெலா ஆகிய இரு மீனியல் ஆய்வாளர்களும் ஆராய்ந்து, இது இரண்டுமே அல்ல, தாய்லாந்து ஆறுகளில் வாழும் தனி இனம் என்று காட்டி ‘கிரிப்டாப்டெரஸ் விட்ரியோலஸ்’ என்று பெயர் சூட்டினார்கள். எண்பது ஆண்டுகளாக உலகெங்கும் வீடுகளில் வளர்ந்த ஒரு மீனுக்கு அதுவரை சொந்தப் பெயரே இல்லை என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

அவர்கள் சொன்ன அடையாளங்களை நான் சோதித்த முறை இதுதான். ஒரு மீனைக் குறுகலான கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு நிமிடம் விட்டு, பின்னாலிருந்து விளக்கு காட்டிப் படமெடுத்து, கணினியில் பெரிதாக்கிக் குதத்துடுப்பைத் தாங்கும் மெல்லிய குச்சிபோன்ற கதிர்களை எண்ணினேன். இந்த இனத்துக்கு 48 முதல் 55 வரை இருக்க வேண்டும். முதல் மீனில் 52, மறுமுறை எண்ணியபோதும் 52, இரண்டாவது மீனில் 50. மீசையைப் பின்னோக்கி மடக்கிப் பார்த்தால் குதத்துடுப்பின் முதல் கதிரைத் தாண்ட வேண்டும். இந்தப் படத்தில் மீசை நுனி அதைத் தாண்டிக் கிடப்பதைப் பாருங்கள். பிடரியில் இருக்கும் குழிவும், வாலுக்கு முன்னால் உடல் ஒடுங்கிப்போவதும் பொருந்துகின்றன. செவுளின் உட்புறம் சீப்புப்பல்போல வரிசையாக இருக்கும் செவுள் முட்களையும் எண்ண வேண்டும்தான், ஆனால் உயிருள்ள மீனில் அதைச் செய்ய முடியாது; அதற்காக ஒரு மீனைக் கொல்ல எனக்கு மனமில்லை. கடைக்காரருக்கு மீன் வந்த ஊர் தெரியவில்லை என்றாலும், இவ்வளவு பொருத்தங்களுக்குப் பிறகு இதை விட்ரியோலஸ் என்றே சொல்வேன்.

திரும்பும்போது உடலில் ஓடும் வானவில் நிறத்தை அடையாளமாகக் கொள்ள வேண்டாம். இந்த மீனுக்குச் செதில் இல்லை; தசையின் நுண்ணிய அடுக்குகளுக்குள் ஒளி புகுந்து சிதறுவதால் அந்த நிறம் வருகிறது என்று 2023இல் கண்டறிந்திருக்கிறார்கள். விளக்கின் கோணம் மாறினால் நிறமும் மாறிவிடும்.

பெயரைச் சரியாக அறிந்தால் தொட்டியின் அளவையும் சரியாகத் தீர்மானிக்கலாம், 15 செ.மீ. மீனுக்கு வேண்டிய தொட்டி வேறு, வால் நீங்கலாக ஆறரை செ.மீ. அளவில் நின்றுவிடும் இந்த மீனுக்கு வேண்டியது வேறு. ஒன்றிரண்டாக மட்டும் வாங்காதீர்கள், தனியாக விட்டால் இரை எடுக்காமல் வாடிப்போகும்.

இலைக்கு அடியில் நிற்கும் ஆறாவது மீனை மட்டும் நான் இன்னும் பெட்டிக்குள் மாற்றவில்லை. வந்த நாளிலிருந்து அதன் வால் பக்கம் பால் கலந்ததுபோல மங்கியிருக்கிறது. இந்த மீன்கள் மிரண்டாலோ நோயுற்றாலோ அப்படித்தான் கண்ணாடித் தன்மையை இழக்கும். அது மறுபடி தெளிந்த பிறகே அதன் கதிர்களை எண்ணுவேன்.